பங்கும் கூலியும்

ஒரு ஜனசமூகத்தின் பொருள்நிலையை மற்றொரு ஜனசமூகத்தின் பொருள்நிலையோடு வைத்து ஒப்பிடுவது நம் காலத்து அறிஞர்களுக்குப் பெரிதும் பழகிப்போன காரியமாகிவிட்டது. தலைக்கு இவ்வளவு வருமானம், வீட்டுக்கு இவ்வளவு கடன், நூற்றுக்கு இத்தனை பேர் எழுத்தறிந்தவர் என்று இரண்டு வரிசைகளாக எண்களை எழுதிக் கூட்டிக் கழித்து, இவர்களைக் காட்டிலும் அவர்கள் மேல் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண்களைப் பொய்யென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வறுமை என்பது கையில் இருக்கும் பொருளின் அளவா, அல்லது அப்பொருள் கைக்கு வந்துசேரும் வழியின் தன்மையா என்ற கேள்வி அந்தக் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறது. அக்கேள்வியைத் தீர்க்காமல் எந்த ஒப்பீடும் நியாயமாகாது என்பது என் எண்ணம்.

வடகனடாவின் காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழ்கின்ற கிரீ என்னும் ஆதிக்குடிகளையும், இமயமலைச் சரிவுகளில் வாழ்கின்ற நேபாள மக்களையும் ஒரே பலகையில் எழுதிப் பார்த்தால், செல்வம் கொழிக்கும் தேசமொன்றின் பிரஜைகளாகிய கிரீ மக்களே உயர்ந்து தோன்றுவார்கள். ஆயினும், 1670இல் ஆங்கில அரசரிடம் சாசனம் பெற்றுவந்த ஹட்சன் விரிகுடாக் கம்பெனி, பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலையே நாணயமாக்கி, துப்பாக்கிக்கு இத்தனை தோல், கம்பளிக்கு இத்தனை தோல் என்று தானே விலை வைத்து, வேட்டைப் பருவத்துக்குமுன் சரக்கைக் கடனாகக் கொடுத்துப் பருவம் முடிந்ததும் தோலாக வசூலித்த நாள்முதல், அம்மக்களின் உழைப்புக்கு விலை சொல்லும் அதிகாரம் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. கியூபெக் அரசு அவர்களுடைய நதிகளை மறித்து மின்சாரம் எடுக்க முற்பட்டபோது அவர்கள் நீதிமன்றம் ஏறி வழக்காடினார்கள். 1975இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக, வேட்டையையே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் உறுதியான வருமானம் கிடைக்க வழி பிறந்தது. நேபாளமோ எந்த ஐரோப்பிய அரசின் நேரடி ஆட்சிக்கும் உட்படாத தேசம். ஆனால் 1815ஆம் ஆண்டு முதலே தன் இளைஞரைப் பிறர் படைகளுக்கு அனுப்பத் தொடங்கி, இன்று வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் நம் தமிழகத்து உணவு விடுதிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. தூரதேசம் போன பிள்ளைகள் அனுப்பும் பணம் அத்தேசத்தின் வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்று. சுதந்திரம் இருந்தும் சொந்த மண்ணில் வேலையில்லாதவர் ஒருபுறம். மண்ணும் நீரும் சொந்தமாய் இருந்தும் விலை சொல்லும் உரிமை இழந்து, வழக்காடி ஒரு பகுதியை மீட்டவர் ஒருபுறம். இவர்களில் எவர் ஏழை என்று வருமானக் கணக்கு ஒன்றைக்கொண்டு யாரால் சொல்ல முடியும்?

அவ்வளவு தூரம் போவானேன்? தூத்துக்குடிக் கடற்கரையிலேயே இந்தக் கேள்வி நம் கண்முன் நிற்கிறது. வடக்கே வேம்பார், வைப்பாறு தொடங்கித் தெற்கே வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு வரையில் நீளும் முத்துக்குளித்துறையில், கடலுக்குள் இறங்கிப் பிழைத்த பரதவரும், கரையோரத்து உப்பளங்களில் வெயிலில் நின்று பிழைக்கின்ற தொழிலாளரும் ஒரே காற்றைச் சுவாசித்து, ஒரே கடல்நீரின் விளைவை நம்பி, ஒரே சந்தையில் அரிசி வாங்குகிறவர்கள். இரு சாராரும் ஏழைகள் என்று எவரும் சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே விதமான ஏழ்மையா என்பதே நான் ஆராய விரும்புவது.

முத்துக்குளித்தலின் கதை பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்தெடுக்கும் வேலை தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடந்ததாகச் சொல்கிறது. அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே போன மார்க்கோ போலோ, வணிகர்கள் ஒன்றுசேர்ந்து படகுகளை அமைத்து, ஒன்றரை மாதத்துக்குக் கூலி பேசி ஆட்களை அமர்த்திக்கொண்டதையும், கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டிவைத்தவர்களுக்கு இருபதில் ஒரு பங்கையும் கொடுத்ததையும் விவரிக்கிறார். அரசனுக்குப் பங்கு, மந்திரவாதிக்குப் பங்கு. மூச்சடக்கி மூழ்கியவனுக்குக் கூலி! ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியில் நடந்த முத்துக்குளிப்புகளை நோக்கினால் காட்சி மாறிவிடுகிறது. மதராஸ் அரசாங்கத்தின் மீன்துறையில் பணியாற்றி இக்கடலை நுணுகி ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் போன்றோர் பதிந்துவைத்த ஏற்பாட்டின்படி, கரைசேர்ந்த சிப்பிகள் கண்ணெதிரே குவியல்களாகப் பிரிக்கப்பட்டு, மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும், மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் சேர்ந்தன.

இந்த மூன்றில் ஒரு பங்கு என்னும் ஏற்பாட்டைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய்விரித்துப் புறப்படும் தோணிகள் விடியும்போது, சிப்பி விளையும் கடலடித் திட்டாகிய பாரின்மேல் போய் நிற்கும். கல்லைக் காலில் கோத்துக்கொண்டு இறங்குகிறவன், ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பின்னாக மூச்சடக்கி, பத்து வாரும் அதற்கு மேலும் ஆழத்திலுள்ள தரையில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக்கொண்டு மேலே வருவான். மேலே கயிறு பிடித்து நிற்கும் துணைவனிடம் அவன் உயிர் இருக்கும். நடுப்பகலில் குளிப்பு நின்று, கடற்காற்றில் தோணிகள் கரைக்குத் திரும்பியபின், அவன் தன் பங்குச் சிப்பிகளைத் தூக்கிக்கொண்டு கரையில் உட்காருவான். அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஐந்தும் பத்துமாக, அதிர்ஷ்டத்தைச் சோதிக்க வந்து நிற்கிறவர்களுக்கு விற்கலாம். அவன் விற்ற சிப்பியில் ஒன்றுமில்லாமலும் போகலாம். ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் முத்தும் இருக்கலாம். பிழைப்பு நிச்சயமற்றதுதான். சிப்பிகள் காரணம் தெரியாமல் மறைந்து, பத்தும் இருபதும் ஆண்டுகள் பார்கள் வெறுமையாய்க் கிடந்த காலங்கள் பல. ஆனால் அந்த நிச்சயமின்மையை அரசாங்கமும் அவனும் ஒரே தராசில் பகிர்ந்துகொண்டார்கள். சிப்பி இல்லாத ஆண்டில் அரசாங்கத்துக்கும் இல்லை. முத்து விலை ஏறிய ஆண்டில் அவனுக்கும் உண்டு. இந்த அளவில் அவன் கடலுக்குக் கூலியாள் அல்லன், உரிமைக்காரன்.

இதைச் சொல்லும்போது அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. மூச்சு முழுவதும் ஒருவனுடையது, பங்கில் மூன்றில் இரண்டு வேறொருவருடையது என்பது நியாயமான பிரிவினை என்று எந்தத் தர்மசாஸ்திரமும் சொல்லாது. நாயக்கரும் நவாபும் சேதுபதியும் கோயில்களும், குளிப்பவரின் கற்களில் இத்தனை எமக்கு என்று உரிமை கொண்டாடி, ஆழத்தில் கால்வைக்காமலே சிப்பியைப் பெற்றார்கள். பரதவருக்குள்ளேயும் எல்லாரும் சமமாக இருக்கவில்லை. மேசைக்காரர் என்று பேர்பெற்ற வணிகக் குடும்பங்கள் மாடிவீடு கட்டி வாழ்ந்த தெருவுக்கு அடுத்தே, கட்டுமரத்தில் போய்வருகிறவனின் ஓலைக்குடிசை இருந்தது. ஒரு சமூகத்தின் பொருள்நிலை என்று பேசுகிறவர்கள் எத்தனை சமூகங்களை அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. ஆயினும் பெரிப்ளூஸ் கண்ட குற்றவாளியிலிருந்து மார்க்கோ போலோ கண்ட கூலியாளுக்கும், அவனிலிருந்து பங்காளிக்கும் நிலைமை மாறிவந்திருக்கிறது. கடலும் சிப்பியும் மூச்சும் மாறவில்லை. ஆகவே ஒருவன் கூலியாளாய் இருப்பதும் பங்காளியாய் இருப்பதும் தொழிலின் இயல்பினால் விளைவதன்று. மனிதர் செய்துகொண்ட ஏற்பாட்டினால் விளைவது. இதையே என் வாதத்தின் ஆணிவேராகக் கருதுகிறேன்.

இனி உப்பளத்துக்கு வருவோம். வேப்பலோடையிலிருந்து முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரையில் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகளாய்ப் பரந்து கிடக்கும் இந்த நிலம், குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவுக்கு உப்பு அளிக்கிறது. நிலத்தடியிலிருந்து எடுக்கும் உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் வற்றவைத்து, தரையில் படியும் உப்பை வாரிக் குவிப்பது தொழில். வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டும் என்பதற்காக, விடிவதற்கு வெகுமுன்னரே ஆண்களும் பெண்களும் அளத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஆண்கள் வாருகிறார்கள், பெண்கள் கூடைகளில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். உவர்நீர் பாதத்தின் தோலை அரிக்கிறது. வெள்ளைப் பரப்பில் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. ராஜம் கிருஷ்ணன் அம்மையார் இம்மக்களிடையே பழகி ‘கரிப்பு மணிகள்’ என்னும் நாவலை எழுதியதன் பின்னரே, நம் சோற்றிலுள்ள உப்பு எப்படி வந்தது என்பதைத் தமிழ் வாசகர் பலர் அறிந்தார்கள்.

தை பிறந்தது முதல் புரட்டாசி வரையில் வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அளம் நீரில் மூழ்கிவிடும். அந்த மாதங்களுக்குக் கூலி இல்லை. அண்மையில் தமிழக அரசு, வேலையற்ற அம்மாதங்களுக்கென்று குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியிருப்பது நல்ல காரியம். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பைப் பாருங்கள். அகாலத்தில் மழை பெய்து விளைந்த உப்புக் கரைந்தால் தொழிலாளிக்கு வேலை போகிறது; உப்பு விலை உயர்ந்தால் அவனுக்கு ஒன்றும் வருவதில்லை. நஷ்டத்தில் அவனுக்குப் பங்கு உண்டு, லாபத்தில் இல்லை. முத்துக்குளித்தவனின் வருமானத்தைக் காட்டிலும் உப்பளத்துக்காரனின் ஆண்டு வருமானம் நிச்சயமானது, ஒருவேளை அதிகமானதும்கூட என்று ஒரு புள்ளிவிவரக்காரர் நிரூபித்துவிடலாம். அப்போதும் நான், அவனே இருவருள் ஏழை என்று சொல்வேன். ஏனெனில், அவன் விளைவித்த பொருளின்மேல் அவனுக்கு எவ்வித வார்த்தையும் இல்லை.

இங்கேதான் மதங்களின் வாக்கு நம்மை எதிர்கொள்கிறது. ஏன் இவனுக்கு இவ்வளவு, அவனுக்கு அவ்வளவு என்று கேட்டால், பழவினை என்று ஒருவர் சொல்கிறார். தேவ சித்தம் என்று ஒருவர். இறைவன் வைக்கும் சோதனை என்று ஒருவர். இந்தக் கடற்கரை மூன்று மதத்தாருக்கும் உரியது. திருச்செந்தூரின் முருகன், தூத்துக்குடியின் பனிமய மாதா, காயல்பட்டினத்தின் பள்ளிவாசல்கள் மூன்றையும் ஒரே கடலின் அலை தொடுகிறது. அவற்றை நம்பி வாழும் மக்களின் பக்தியைக் குறைவாகப் பேச எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் மேலே கண்ட சரித்திரம் ஒன்றைத் தெளிவாக்குகிறது: கூலி பங்காக மாறக்கூடியது எனில், அது பழவினையின் முடிந்த முடிபாக இருக்க முடியாது, நாம் செய்துவைத்த வேலையை இறைவன்மேல் ஏற்றிச் சொல்வது பக்தியும் ஆகாது.

மதம் மாறினால் நிலை மாறும் என்ற நம்பிக்கையையும் இக்கரை சோதித்துப் பார்த்திருக்கிறது. கடல் உரிமை குறித்து முஸ்லிம் வணிகரோடு ஏற்பட்ட பூசலில் நெருக்குண்ட பரதவர், 1535ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொச்சிக்குத் தூதனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டி, திரள்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் வந்த சவேரியார் அவர்களுக்குத் தமிழில் ஜபம் சொல்லிக்கொடுத்துக் கிராமம் கிராமமாக நடந்தார். அவரே 1544இல் தம் துணைவர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்களில், தம் மதத்தவரான போர்த்துக்கீசிய அதிகாரிகளே இந்த எளிய மக்களுக்குச் செய்த கொடுமைகளை எண்ணி மனம் கசந்திருக்கிறார். ஒரே கோயிலில் மண்டியிட்டவர்களுக்குள்ளும், சிப்பியைப் பிரிக்கும் கை யாருடையது என்ற கேள்வி தீர்ந்தபாடில்லை. இதைக்கொண்டு அந்த விசுவாசம் வீண் என்று சொல்வாரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆடி மாதத்தில், ஆகஸ்டு 5ஆம் நாள் மாதாவின் திருவிழாவுக்குக் கடற்கரைக் கிராமங்கள் எல்லாம் திரண்டுவரும்போது அந்த ஜனங்கள் முகத்தில் காணும் நிமிர்வு, எந்த வருமானக் கணக்கிலும் ஏறாத ஒரு சம்பத்து. 1806இல் முதன்முதலாக ஓடிய பொன்தேரைச் செய்துவைத்தவர் அவர்களுடைய ஜாதித்தலைவரே என்பதை அவர்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

சைவ மரபிலும் இதற்கு நேரான ஒரு கதை உண்டு. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவராயிருந்த அதிபத்த நாயனார், வலையில் படும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவதை நியமமாகக் கொண்டிருந்தார். நாளொன்றுக்கு ஒரே மீன் படும் காலம் வந்தபோதும் அதையே விட்டார். செல்வம் சுருங்கிச் சுற்றம் பட்டினி கிடந்தபோதும் விட்டார். கடைசியில் பொன்னும் மணியுமான மீன் பட்டபோதும் தயங்காமல் விட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவருடைய பக்தியின் உறுதியைக் கண்டு கைகூப்பாதவர் இரார். நான் அந்தக் கதையில் நின்றுவிடுவது வேறோர் இடத்தில்: ஆண்டவனுக்குப் பங்கு உண்டு என்று அவர் அறிந்திருந்தார், பட்டினி கிடந்த அந்தச் சுற்றத்துக்கும் பங்கு உண்டா இல்லையா? தாமே ஏற்றுக்கொண்ட இன்மை தவம். பிறர் வயிற்றில் இறங்கும் இன்மை தவமாகுமோ? இறைவன் அக்குடும்பத்தை ஆட்கொண்டதனால் கதை முடிந்துவிடுகிறது. உப்பளத்தில் பொன்மீன் படுவதில்லை.

வள்ளுவர் இந்த இடத்தில் கொண்ட தெளிவு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. துறவு என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைத்தவர், நல்குரவு என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. அரசும் அமைச்சும் நாடும் பேசப்படுகின்ற பொருட்பாலில் வைத்தார். விரும்பி விடுவது தனிமனிதனின் அறம். விரும்பாமல் இல்லாதிருப்பது நாட்டின் விவகாரம். வறுமைக்குப் புண்ணியச் சாயம் பூசுவதை இதைவிடச் சிக்கனமாக மறுத்துவிட முடியாது. இஸ்லாம் இன்னும் ஒரு படி மேலே போய், வரம்புக்கு மேற்பட்ட செல்வத்தில் நாற்பதில் ஒன்றை ஜகாத் என்று விதித்து, அதைச் செல்வரின் தயவாக அன்றி ஏழையின் பாத்தியதையாக வைத்தது. காயல்பட்டினத்து வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவருவது பிச்சையன்று என்பதை உணர்ந்தால்தான், பெறுகிறவன் ஏன் கூசவேண்டியதில்லை என்பது விளங்கும்.

பங்கு என்னும் எண்ணத்தைத் தூத்துக்குடி தற்காலத்திலும் ஒருமுறை பெரிதாகக் கண்டிருக்கிறது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, பத்து லட்சம் மூலதனத்தை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்து, நடுத்தரக் குடும்பத்தவனும் கப்பலுக்கு உரியவனாகலாம் என்று வைத்தார். அதே மனிதர்தாம் 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் முன்னின்று, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் அவர்களுக்குக் கிடைக்கக் காரணமானார். இந்த இரண்டையும் சரித்திர ஆசிரியர்கள் தனித்தனி அத்தியாயங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அவை ஒன்றாகவே தோன்றுகின்றன. கப்பலுக்குப் பங்கு கேட்டவருக்கு, நூல் நூற்றவன் தன் வேலைநேரத்தின்மேல் ஒரு வார்த்தை சொல்ல உரிமை கேட்பதும் இயல்பாகவே பட்டிருக்கும். சிறை அவரைக் கொண்டுபோகாதிருந்தால் அவர் பார்வை அடுத்து உப்பளத்தின்மேல் விழுந்திருக்கும் என்று நம்ப எனக்கு ஆசையுண்டு.

1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் நின்றுபோயிற்று. 1973இல் தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருவைத்து முத்தை வளர்த்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. குளித்தவர்களின் பேரர்கள் சங்கு எடுக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், கப்பலேறிப் போகிறார்கள். மீன்பிடித் தொழிலில் இன்னும் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று மீன்பாட்டைப் பங்கு வைக்கும் வழக்கம் பெரிதும் நிலைத்திருக்கிறது. அந்தப் பங்கும் வரவரப் படகின் பக்கமாகச் சாய்ந்துவருகிறது என்பது கவலைக்குரியது. ஆயினும் சண்டை போடுவதற்கு ஒரு பங்கு இருக்கிறது.

உப்பளத்துக்காரனுக்கு அதுவும் இல்லை. கடல் தன்னுடையது என்ற நியாயத்தைச் சொல்லியே அன்றைய அரசாங்கம் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு, ஒரு பங்கைக் குளித்தவனுக்கு விட்டது. அதே நியாயத்தின்படி, அரசுக்குச் சொந்தமான நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று நடக்கின்ற உப்பளங்களில், விற்ற உப்பின் விலையில் ஒரு பகுதி வாரியவருக்கும் சுமந்தவருக்கும் உரியது என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதுவதற்கு எந்தச் சாஸ்திரமும் சட்டமும் குறுக்கே நிற்பதாக எனக்குத் தெரியவில்லை. அது எவ்வளவு என்பதை அளமுடையோரும் தொழிலாளரும் அரசும் ஒரு மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்கட்டும்; நாற்பதில் ஒன்றில் தொடங்கினாலும் சரியே. மழைக்காலத்து நிவாரணம் அதற்குப் பின்னும் தொடரட்டும்.